கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

ரக்பி என்று ஒரு விளையாட்டு இருப்பதே எங்கள் வீட்டுக்குப் பால் சட்டி வழியாகத்தான் தெரிய வந்தது. ஒரு நாள் காலையில் என் மனைவி அடுப்படியில் நின்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பால் காய்ச்சும் சட்டியில் வெந்நீர் கொதித்தது. அதற்குள் நீல நிறத்தில் லாடம் மாதிரி ஒன்று கிடந்தது. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் எங்கள் மகள் அதைக் கரண்டியால் எடுத்து, ஊதி, வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர நின்றாள். பல்லுக்குப் போடும் உறையாம். சூட்டில் இளகியதும் கடித்தால் அவரவர் பல்லின் அச்சு அதில் பதிந்துவிடுமாம். இனி அந்தச் சட்டியில் பால் காய்ச்ச மாட்டேன் என்று மனைவி அதைக் கொல்லையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். பல்லுக்கு உறை போடும் அளவுக்கு அது என்ன விளையாட்டு என்ற கேள்வி கோபத்தில் அவளுக்கு வரவில்லை. எனக்கு வந்தது.

எங்கள் மளிகைக் கடை திருவொற்றியூரில் இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த என் அப்பா போட்ட கடை. முன்னால் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும் சாலை. பின்னால் இரண்டு தெரு தாண்டினால் மீனவர் குப்பம், அதற்கும் பின்னால் கடல். குப்பத்தில் எல்லோருக்கும் நான் அண்ணாச்சி. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர்களுக்கும் அண்ணாச்சிதான். மூக்கின் மேல் கோபம் உள்ள அண்ணாச்சி என்றும் பெயர். அதை நான் மறுக்க மாட்டேன். வியாபாரத்துக்கு ஆகாத குணம், இருந்துவிட்டுப் போகட்டும்.

மகள் பிறந்து வளர்ந்தது குப்பத்துப் பிள்ளைகளோடு. 'நீ இன்னாப்பா' என்று அவள் ஆரம்பித்தாலே அவள் அம்மாவுக்கு ரத்தம் கொதிக்கும். எனக்கு அது பிடிக்கும், வெளியே சொல்லிக்கொள்வதில்லை. அந்தக் குப்பத்துப் பெண்களையும் இவளையும் சேர்த்து ஒரு ரக்பி அணி உருவாக்கியிருந்தவர், பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த ஒரு பயிற்சியாளர். முப்பது வயதுகூட இருக்காது. குரலை உயர்த்தவே மாட்டார். அவர் அமைதியாக ஒன்று சொன்னால் மகள் உடனே செய்வாள். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் தண்ணீர் குடம் நகராது.

நான் கால்பந்து பார்த்து வளர்ந்தவன். சின்ன வயதில் கடையிலிருந்து நழுவி, எம்.கே.பி. நகர்ப் பக்கம் எங்கே ஆட்டம் நடந்தாலும் போய் நிற்பேன். அப்போது எங்கள் கூட்டத்தில் பார்வையாளனுக்கு இரண்டு கடமைகள் இருந்தன. நடுவரின் குடும்பத்தை மூன்று தலைமுறை வரை விசாரிப்பது ஒன்று. கடைசி விசில் அடிக்கும் முன் எந்தச் சந்து வழியாக ஓடலாம் என்று பார்த்து வைத்துக்கொள்வது இன்னொன்று. இந்த அனுபவத்தோடுதான் முதன்முதலாக மகளின் ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். ஒரு சீப்பு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டேன்.

ஒரு போட்டியின் அரையிறுதி ஆட்டம், எங்கள் பக்கத்து மைதானத்தில். நகரத்தின் தென்பகுதியிலிருந்து ஒரு அணி வேனில் வந்திருந்தது. அணிக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிடம். டீ ஆறுவதற்குள் ஒரு பாதி முடிந்துவிடும். இது ரக்பியின் சின்ன வடிவம், பெரியதில் பதினைந்து பேர் ஆடுவார்கள் என்று பயிற்சியாளர் சொன்னார். எனக்கு ஏழு பேரையே கண்ணால் தொடர முடியவில்லை. எல்லோரும் முன்னால் ஓடுகிறார்கள். பந்தை மட்டும் பின்னால் எறிகிறார்கள். முன்னால் நிற்கும் தோழிக்குக் கையால் போட்டால் விசில். கை தவறி முன்னால் விழுந்தாலும் விசில். முன்னேற வேண்டும், ஆனால் கொடுப்பதைப் பின்னால் வருபவளுக்குத்தான் கொடுக்க வேண்டும். இதை எவன் உட்கார்ந்து யோசித்தான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அன்று குப்பத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஷேர் ஆட்டோக்களில் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் முன்னால் எங்கள் அணிக் கேப்டனின் அம்மா. காசிமேட்டில் விடியும் முன் ஏலத்தில் மீன் எடுத்து, திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்பவர். அந்த இரைச்சலில் கூவிப் பழகிய குரல். அவர் கடைக்குள் மெதுவாகப் பேசினாலும் எதிர்வரிசை டைலர் நிமிர்ந்து பார்ப்பார். நான் அவரை அக்கா என்பேன். ஆட்டம் தொடங்கியதும் அக்கா இரு அணிகளையும் சேர்த்தே திட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாதியில் என் மகள் பந்தோடு ஓடினாள். சின்ன உடம்பு, நல்ல வேகம். எதிரணியில் ஆள் உயரமும் அகலமுமாக இருந்த ஒரு பெண் இடுப்பைச் சுற்றிப் பிடித்து அவளைச் சாய்த்தாள். விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் மேல் ஒருத்தி சாய்ந்தாள், அவளைத் தள்ள எங்கள் பெண்கள் இருவர் வந்தார்கள், அவர்களைத் தள்ள இன்னும் இருவர். என் மகளின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. வாழைப்பழச் சீப்போடு அப்படியே நின்றேன்.

குப்பத்துப் பெண்கள் நிற்கவில்லை. அலை முறியும் இடத்தில் ஒரு படகு கவிழ்ந்தால் கரையில் இருக்கும் யாரும் அது யாருடைய படகு என்று கேட்பதில்லை. பேச்சுவார்த்தை இல்லாத குடும்பத்தின் படகாக இருந்தாலும் முதலில் தண்ணீருக்குள் ஓடி ஆளைத் தூக்க வேண்டும், சண்டையை நாளைக்குத் தொடரலாம். ஒருவர் அடியில் போய்விட்டார் என்றால் நின்று வேடிக்கை பார்ப்பது அங்கே நினைத்துப் பார்க்க முடியாத கேவலம். அத்தனை பேரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். விசில் ஊதிக்கொண்டே இருந்தது, யார் காதிலும் விழவில்லை. குவியலின் மேலிருந்து ஒவ்வொரு பெண்ணாகத் தூக்கினார்கள். கோபத்தோடு இல்லை. எதிரணிப் பெண்களையும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, மண்ணைத் தட்டிவிட்டு, எங்கேயாவது வலிக்கிறதா என்று கேட்டு ஓரமாக உட்காரவைத்தார்கள். அந்த உயரமான பெண்ணை அக்கா தனியாளாகத் தூக்கினார். கடைசியில் அடியிலிருந்து என் மகள் கிடைத்தாள். பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, உறை போட்ட வாயால் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தாள்.

நடுவர் மெலிந்த உடம்பும் மெல்லிய குரலும் கொண்ட ஒரு பெண். அவர் எங்கள் கேப்டனை மட்டும் அருகில் அழைத்தார். இந்த விளையாட்டில் நடுவரிடம் பேசும் உரிமை கேப்டனுக்கு மட்டும்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. அக்காவின் மகளான அந்தக் கேப்டனை எனக்கு நன்றாகத் தெரியும். தராசு முள் ஒரு நூல் அளவு சாய்ந்தாலும் கடையை இரண்டாக்கிவிடுகிறவள். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, "சாரி மேடம், இனிமே நடக்காது" என்றாள். அவ்வளவுதான். எதிர்வாதம் இல்லை, முறைப்பு இல்லை. என் கால்பந்து நாட்களில் இந்த இடத்தில் நடுவரைக் காப்பாற்றத் தனியாக ஆள் வேண்டியிருக்கும். எனக்கு அந்த விளையாட்டின் மேல் முதல் மரியாதை வந்தது அங்கேதான்.

ஆட்டத்தில் எங்கள் பெண்கள் ஜெயித்தார்கள். அதன் பிறகு நடந்தது இன்னும் ஆச்சரியம். தோற்ற அணி இரண்டு வரிசையாக நின்று நடுவே எங்கள் பெண்களைக் கைதட்டி அனுப்பியது. உடனே எங்கள் பெண்களும் திரும்பி அதேபோல வரிசை கட்டி அவர்களுக்குக் கைதட்டினார்கள். விருந்தாளி அணிக்குச் சாப்பாடு போடுவது உள்ளூர் அணியின் வேலை. இந்த விளையாட்டில் உலகம் முழுவதும் அதுதான் வழக்கமாம். குப்பத்துப் பெண்கள் சங்கரா வறுவலும் நெத்திலிக் குழம்பும் பெரிய பாத்திரங்களில் கொண்டுவந்திருந்தார்கள். அரை மணி முன்பு ஒருவரையொருவர் மண்ணில் புரட்டியவர்கள் ஒரே பாயில் கலந்து உட்கார்ந்து முள் எடுத்தார்கள். அந்த உயரமான பெண் மூன்றாவது முறை சோறு வாங்கிக்கொண்டே, தன்னை இன்னொரு தடவை தூக்கிக் காட்டும்படி அக்காவிடம் கேட்டாள். அக்கா தூக்கினார். எல்லோரும் செல்போனில் படம் எடுத்தார்கள்.

சிரிப்பு அத்தோடு முடிந்தது. போட்டி நடத்தியவர்கள் பயிற்சியாளரைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டம். அதில் எங்கள் ஆதரவாளர் ஒருவர் கோட்டைத் தாண்டினாலும் ஆட்டம் அங்கேயே நிற்கும், வெற்றி எதிரணிக்குப் போகும். இறுதி ஆட்டத்தில் ஜெயிக்கும் அணிப் பெண்கள் அத்தனை பேருக்கும் மாநில அணித் தேர்வு முகாமுக்கு அழைப்பு உண்டு. என் மகளும் மற்றவர்களும் பல மாதங்களாக விடியற்காலையில் எழுந்து மணலில் ஓடியது அந்த அழைப்புக்காகத்தான்.

அன்று சாயங்காலம் மகள் கடைக்கு வந்து அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள். அழுதிருந்தாள். உனக்கு ஒன்றும் ஆகவில்லையே, பிறகு எதற்கு அழுகை என்று கேட்டேன். அவள் சொன்னது எனக்கு இன்றைக்கும் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"அப்பா, கீய வுழுறதுதான் என் வேலை. வுழுந்து, பந்த நம்ம ஆளுங்க பக்கம் வெச்சுட்டா போதும், மிச்சத்த அவங்க பாத்துப்பாங்க. நான் கீய கீறேன்னு யாராச்சும் உள்ள வந்தா எல்லாம் போச்சு."

கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் பொறுப்பைப் பயிற்சியாளர் என்னிடம் கொடுத்தார். அத்தனை பேர் ஓடியபோதும் அசையாமல் நின்றவர் நீங்கள் ஒருவர்தான், விளையாட்டின் ஒழுங்கு உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்றார். பயத்தில் உறைந்து நின்றேன் என்று நான் சொல்லவில்லை. பாராட்டு வருகிறபோது கெடுப்பானேன்.

பொறுப்பு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. செல்போனில் விதிகளைத் தேடித் தேடிப் படித்தேன். ரக்பியில் எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோய்த் தரையில் அழுத்தி வைத்தால் ஐந்து புள்ளி. அதற்கு ட்ரை என்று பெயர். ட்ரை என்றால் முயற்சி. வைத்தாகிவிட்டதே, பிறகு என்ன முயற்சி என்று குழம்பினேன். அந்தக் காலத்தில் பந்தை அப்படி வைப்பதற்குப் புள்ளியே கிடையாதாம். கம்பத்துக்கு நடுவே உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு மட்டும் தருவார்களாம். அந்த உதை இப்போதும் உண்டு. கம்பங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் இன்னும் இரண்டு புள்ளி. பந்தோடு ஓடுபவரைப் பிடித்துச் சாய்ப்பது டேக்கிள். தோளுக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும்; கையால் சுற்றிப் பிடிக்க வேண்டும்; வெறுமனே போய் இடிக்கக் கூடாது. சாய்ந்தவர் பந்தை விட வேண்டும், சாய்த்தவர் ஆளை விட வேண்டும். பிடித்துவிட்டோம் என்று யாரும் பிடித்தபடியே இருக்க முடியாது. அந்தக் குவியலுக்குள் யார் வந்தாலும் அவரவர் அணியின் பின்பக்கத்திலிருந்துதான் வர வேண்டும், பக்கவாட்டில் புகுந்தால் தப்பு.

புதன்கிழமை மதியம், மார்க்கெட் முடித்து வந்த அக்காக்களைக் கடையில் நிறுத்தி இதையெல்லாம் விளக்கினேன். கல்லாப் பலகையில் ஏழு சிவப்பு ஷாம்பு பாக்கெட், ஏழு பச்சை ஷாம்பு பாக்கெட்டுகளை அடுக்கினேன். பந்துக்கு ஒரு பேரீச்சம்பழம். ரக்பிப் பந்து அந்த வடிவம்தான். சிவப்பு ஓடுகிறது, பச்சை பிடிக்கிறது, சிவப்பு விழுகிறது என்று நான் வியர்க்க வியர்க்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்பக்கமாகத்தான் வர வேண்டும் என்ற இடத்துக்கு வந்தபோது பந்தைக் காணவில்லை. கேப்டனின் அம்மா மென்றுகொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு ஏழு சிவப்பும் ஏழு பச்சையும் ஒரே டப்பாவுக்குள் போயின.

அக்கா பழக்கொட்டையைக் கையில் துப்பிக்கொண்டு, தனக்கு ஒரே ஒரு விஷயம்தான் புரியவில்லை என்றார். "கீய வுழுந்த புள்ளய நாம தூக்கக் கூடாது. அது ஏந்திரிக்கிற வரிக்கும் நாம பாத்துகினு நிக்கணும். அத்தானே?"

அதேதான் என்றேன்.

"அது கஷ்டம் அண்ணாச்சி," என்றார் அக்கா. கிண்டல் எதுவும் இல்லாமல், மிக மெதுவாகச் சொன்னார். அவர் குரல் டைலர் கடையை எட்டாமல் நான் கேட்டது அன்று ஒருமுறைதான்.

ஞாயிறு காலையில் நான் கடையிலிருந்த மஞ்சள் நைலான் கயிற்றை ஒரு சுருள் எடுத்துக்கொண்டு போனேன். ஆட்டம் பெரம்பூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில். பக்கக் கோட்டிலிருந்து நாலு அடி தள்ளிக் கம்புகள் நட்டுக் கயிற்றைக் கட்டினேன். இதுதான் எல்லை, கயிற்றில் கைகூட வைக்கக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஒரு தாத்தா கயிற்றில் துண்டைக் காயப் போட்டதற்குக்கூடச் சத்தம் போட்டேன். அதிகாரம் எனக்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது என்று அன்று தெரிந்தது.

எதிரணியின் ஆட்களுக்கென்று தனிப் பக்கம் கிடையாது. எங்களோடே கலந்து நின்றார்கள். அந்த அணிப் பெண் ஒருத்தியின் அப்பா, மடிப்புக் கலையாத சட்டையோடு, என் பக்கத்தில் வந்து நின்று கடலை மிட்டாய் நீட்டினார். என் மகள் அவர் மகளைப் பிடித்துச் சாய்த்தபோது, "நல்ல டேக்கிள்" என்று சொல்லிக் கைதட்டினார். நான் அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். உண்மையாகத்தான் தட்டினார். சிறிது நேரத்தில் அவர் மகள் என் மகளைச் சாய்த்தாள். நானும் தட்டினேன். எனக்குக் கை கொஞ்சம் கனத்தது.

முதல் ட்ரை அவர்களுக்கு. அதன்பின் உதை. இந்த விளையாட்டில் ஒருவர் கம்பத்தைக் குறிபார்த்து உதைக்கும்போது மைதானம் அமைதியாக இருக்க வேண்டும். அது சட்டம் இல்லை, பார்வையாளர்களின் மரியாதை. நான் கயிற்றோரமாக நடந்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். மீன் மார்க்கெட்டே ஊமையானது. அக்கா முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டார். தூரத்தில் ஒரு கூட்ஸ் வண்டி போகும் சத்தம்கூடக் கேட்டது. அந்தப் பெண் நிதானமாகப் பந்தைத் தரையில் விட்டு, எழும்பும்போது உதைத்தாள். கம்பத்துக்கு நடுவே போனது. ஏழுக்குப் பூஜ்யம். நாங்கள் ஒரு கூவல் கூவியிருந்தால் அந்த இரண்டு புள்ளி போயிருக்கும் என்று அக்கா என்னை முறைத்தார். ஆனாலும் அடுத்த உதைக்கும் முந்தானையை வாயில் வைத்தார். அந்தக் குரலை அடக்குவது அவருக்கு எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். அவர்மேல் எனக்கு அளவில்லாத மதிப்பு வந்தது.

எங்கள் பெண்கள் ஒரு ட்ரை போட்டார்கள், உதை தவறியது. அவர்கள் இன்னொன்று, அதிலும் உதை தவறியது. எங்களுக்கு மறுபடி ஒன்று, மறுபடியும் உதை தவறல். பன்னிரண்டுக்குப் பத்து. ஒவ்வொரு முறை யாராவது விழும்போதும் குப்பத்துப் பெண்களைப் பார்த்தேன். கால் முன்னால் போகும், உடம்பு முன்னால் சாயும். பிறகு ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். யாரும் கயிற்றைத் தொடவில்லை. விழுந்தவள் எழுந்ததும் எல்லோரும் சேர்ந்து மூச்சு விடுவார்கள். நான் வாத்தியார் மாதிரி தலையசைத்துக்கொண்டே நடந்தேன்.

நேரம் முடிந்துவிட்டது. பந்து ஓய்ந்தால் ஆட்டமும் ஓய்ந்தது, அதுவரை ஆடலாம் என்பது விதி. எங்கள் கேப்டனிடமிருந்து பந்து பின்னால் வந்தது, என் மகள் கைக்கு. அவள் நான் நிற்கும் ஓரமாகவே ஓடி வந்தாள். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம், அவள் கோட்டுக்கு அந்தப் பக்கம். அவள் மூச்சு எனக்குக் கேட்டது. எதிரணிப் பெண் ஒருத்தி பக்கவாட்டில் பாய்ந்து தொடையைச் சுற்றிப் பிடித்தாள். என் மகள் பக்கவாட்டில் விழுந்தாள். தோள் முதலில், தலை பிறகு. அவள் வாயிலிருந்து ஒரு முனகல் வந்தது. குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் வந்தால் அப்படித்தான் முனகுவாள். மேலே ஆட்கள் சாய்ந்தார்கள்.

கயிற்றைத் தாண்டியது எனக்கு நினைவில்லை. ஒரு வாரமாக ஊருக்கெல்லாம் விதி சொன்னவன், எந்த விதியும் ஞாபகம் இல்லாமல் ஓடினேன். வெள்ளைக் கோடு கண் முன்னால் தெரிந்தது, அது எதற்குப் போட்ட கோடு என்று தெரியவில்லை. அவள் அடியில் கிடக்கிறாள், அது மட்டும்தான் தெரிந்தது.

பின்னாலிருந்து ஒரு தோள் என் இடுப்பில் வந்து பதிந்தது. இரண்டு கைகள் தொடையைச் சுற்றி வளைத்தன. அடுத்த நொடி நான் தரையில் கிடந்தேன். வாயெல்லாம் மண். என் தலை கோட்டுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம். வலது கால் செருப்பு மட்டும் பறந்துபோய் மைதானத்துக்குள் விழுந்தது. நடுவர் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார், திரும்ப ஆட்டத்தைப் பார்த்தார். செருப்பை ஆதரவாளர் கணக்கில் அவர் சேர்க்கவில்லை. என்னைச் சாய்த்தது கேப்டனின் அம்மா. தோளுக்குக் கீழே, கையால் சுற்றி, ஒரு குறை சொல்ல முடியாது. சாய்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

நான் எழவில்லை. கன்னம் மண்ணில் இருக்க, அந்த உயரத்திலிருந்து, கால்களின் நடுவே என் மகளின் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது. அதுவரை அந்தக் குவியலை நான் மேலேயிருந்துதான் பார்த்திருந்தேன். மேலேயிருந்து பார்த்தால் நசுங்குவது மாதிரி இருக்கும். உள்ளே அவள் கண் திறந்திருந்தது. பயமே இல்லை. கடையில் கணக்குப் போடும்போது எப்படி இருப்பாளோ அப்படி இருந்தாள். உடம்பைக் கொஞ்சம் திருப்பினாள், இரண்டு கையையும் நீட்டினாள், பந்தைத் தன் அணியின் பக்கம் மெதுவாக, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல வைத்தாள். வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். கேப்டன் பின்னாலிருந்து வந்து அதை அள்ளிக்கொண்டு போனாள்.

குவியல் கலைந்தது. என் மகள் புரண்டு, ஒரு முழங்காலில் எழுந்தாள். அப்போதுதான் என்னைப் பார்த்தாள். கோட்டுக்கு வெளியே மண்ணில் குப்புறக் கிடக்கும் அப்பா. ஒரு நொடி நின்றாள். அவள் உடம்பு என் பக்கம் சாய்ந்ததை நான் பார்த்தேன். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு கேப்டனுக்குப் பின்னால் ஓடினாள், கேப்டன் பிடிபட்டால் பந்தை வாங்க ஆள் வேண்டுமே. அவள் என்னைத் தூக்க வராததில் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பெருமையில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கேப்டன் பிடிபடவில்லை. மூலையில் பந்தை வைத்தாள். பதினைந்துக்குப் பன்னிரண்டு. நீண்ட விசில் அடித்தது. மடிப்புக் கலையாத சட்டைக்காரர் இரண்டு கையையும் உயர்த்தித் தட்டினார். மற்ற குப்பத்துப் பெண்கள் அப்போதும் கயிற்றைத் தாண்டவில்லை. நடுவர் கைகாட்டி, வரலாம் என்று சொன்ன பிறகுதான் சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். என் மகளை யாரோ தோளில் தூக்கிவிட்டார்கள். நான் இன்னும் தரையில்தான் கிடந்தேன், முகத்தைத் துடைக்கக்கூட இல்லை. அக்கா மட்டும் உள்ளே போகாமல் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என் முதுகு மண்ணைத் தட்டிவிட்டார்.

"ஏந்திரு அண்ணாச்சி," என்றார். "புள்ள எப்பவோ ஏந்திரிச்சுப் பூட்டா."